நாற்பத்தொரு போன்

செலியமேட்டில் மீன் வாங்குகிறவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். போன மாசி மாதத்திலிருந்து, செவுளுக்கு முன்னால் ஒரு தாளைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. ஆரோக்கியசெல்வியின் எக்செல் வண்டியில், மீன் பெட்டியின் முன்பக்கம், லேமினேஷன் போட்ட தாள் ஒன்று தொங்கியது. கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து: 'பொய்யான தகவல். சுயேச்சையான சரிபார்ப்பாளர்கள் இதைச் சரிபார்த்துள்ளனர்.' கீழே மங்கலாக ஒரு மீன். அதன் வயிற்றிலிருந்து கறுப்பாக ஏதோ ஒழுகிக்கொண்டிருக்கும். முதன்முறை பார்க்கிறவர்களுக்கு மீன்தான் பொய் என்று தோன்றும். ஆரோக்கியம் வண்டியை நிறுத்தி விளக்கம் சொல்லுவாள். விளக்கம் முடிவதற்குள் ஐஸ் கொஞ்சம் உருகிப் போகும்.

அந்தத் தாள் வந்த விதம் இப்படி.

தை மாதக் கடைசியில் பாக்யராஜ் ஒரு வீடியோ போட்டான். பாகூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். கடைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். ஆனால் அவன் போனில் நடத்தும் 'பாகூர் பரபரப்பு' பக்கத்தைப் பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். ஏரிக்கரையில் இரண்டு மாடு முட்டிக்கொண்டாலும் சிவப்பு அம்புக்குறி போட்டு வெளியிட்டுவிடுவான். இந்த வீடியோவில் எந்த நாட்டிலோ எவனோ ஒரு மீனை அறுக்கிறான், உள்ளேயிருந்து தார் மாதிரி வழிகிறது. மேலே பாக்யராஜின் கைவண்ணம்: 'நல்லவாடு மீனில் விஷம்? எல்லாருக்கும் பகிருங்கள்!'

ஆரோக்கியம் விடிகிற நேரத்தில் நல்லவாட்டில் படகு சேரும் இடத்துக்குப் போய்ச் சரக்கு எடுத்து, ஏழு மணிக்குள் செலியமேட்டுத் தெருவில் குரல் கொடுத்துவிடுவாள். அவள் வீட்டுக்காரருக்குச் சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட்டு வேலை. விழித்திருக்கும்போது வேலையில் இருப்பார், வீட்டில் இருக்கும்போது தூங்குவார். ஆகவே இந்தக் கதையில் அவருக்கு இடமில்லை. வீடு ஓடுவது மீனில்தான்.

வீடியோ வந்த மறுநாள் அவள் வண்டியைப் பார்த்ததும் தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன. சாத்தாமல் நின்றவள் ராமாயி மட்டும். அதுகூட வாங்குவதற்காக அல்ல, பேசுவதற்காக.

"சங்கரா வந்துருக்குது அத்த. பாரு, கண்ணு எப்டி முழிச்சிக்கினு இருக்குது."

"முழிக்கட்டும்டி. வயித்துக்குள்ள தாரு ஊத்தி வச்சிருந்தா முழிக்காம இன்னா பண்ணும்?"

"நீயே உன் கையால அறுத்துப் பாரேன்."

"அறுத்து தாரு வந்திச்சின்னா என் அருவாமனைய யாருடி கழுவுறது?"

எட்டு நாள் இப்படிப் போயிற்று. விற்காத மீனெல்லாம் ஆரோக்கியத்தின் மாடியில் கருவாடாகக் காய்ந்தது. ஒன்பதாம் நாள் அவள் நேராகப் பாகூருக்குப் போய் ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நின்றாள்.

"இன்னா தம்பி, நல்லவாட்டு மீனுன்னு நீ எப்டிச் சொல்லலாம்?"

"யக்கா, நான் எங்க சொன்னேன்? கேள்விக்குறி போட்டுருக்கேன் பாரு. கேக்கறேன், அவ்ளோதான். கேக்கறதுக்குக்கூட இந்த நாட்ல உரிமை இல்லியா?"

"கேக்கறதா இருந்தா என்னாண்ட வந்து கேளு."

"உன்னாண்ட கேட்டா நீ இல்லன்னுதான சொல்லுவ. அத்த எவன்க்கா பாப்பான்?"

 இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த ஓர் இடம் இருந்தது: முல்லை மகளிர் குழு.

குழுவில் ஆரோக்கியம், ராமாயி உட்பட இருபத்திரண்டு பேர். தலைவி வெண்ணிலா, பி.காம். படித்தவள். சிங்காரவேலுவின் மருமகள். சிங்காரவேலு என்றால் ஊருக்குக் கிழக்கே நெல்லும் கரும்புமாக நிலம் வைத்திருப்பவர். கீழண்டைக் குளத்தின் மீன் குத்தகையும் அவர் கையில்தான். குழுவுக்குள் எல்லாரும் ஒருவருக்கொருவர் 'தோழி'. கூட்டம் முடிந்து வாசலைத் தாண்டியதும், ஆரோக்கியத்தைவிட எட்டு வயது சின்னவளான வெண்ணிலா "ஆரோக்கியம், நீ" என்பாள். ஆரோக்கியம் "தலைவி, நீங்க" என்பாள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஏற்பாடல்ல. யாரும் மாற்றியதும் கிடையாது.

வெண்ணிலா வீடியோவைப் பார்த்தாள். மூலையில் இருந்த மூன்று புள்ளியைத் தொட்டாள். 'புகார் அளி' என்று வந்தது. அதைத் தொட்டால் 'பொய்யான தகவல்' என்று வந்தது.

"எல்லாரும் போன எடுங்க தோழிகளே. ஒருத்தர் அழுத்துனா கம்பெனிக்காரன் திரும்பிப் பாக்க மாட்டான். எல்லாரும் அழுத்துனா பாப்பான்."

குழுவில் எதைச் செய்தாலும் ஒரு வரிசை உண்டு. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும் வரிசையில் கையெழுத்து, அதே வரிசையில் தேநீர். இதுவும் அதே வரிசையில் நடந்தது. பெயர் கூப்பிட, அவரவர் போனை அழுத்திவிட்டு "ஆச்சு" என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் புருஷன் போனிலும் அழுத்தச் சொன்னாள் வெண்ணிலா. மூன்று புருஷன்கள் போனைத் தரவில்லை; ஏன் தரவில்லை என்பது தெருவுக்கே தெரியும், இங்கே வேண்டாம். ஆக மொத்தம் நாற்பத்தொரு போன்.

மூன்றாம் நாள் அந்த வீடியோ மேல் சாம்பல் நிறத்தில் திரை விழுந்தது. 'பொய்யான தகவல்' என்ற பட்டை வந்தது. அது நாற்பத்தொரு போனின் வேலையா, இல்லை எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்து மீன் வீடியோ பார்ப்பதையே உத்தியோகமாக வைத்திருக்கும் யாரோ நிஜமாகவே சரிபார்த்தாரா என்பது இன்றுவரை தெரியாது. அதே வீடியோ மூன்று வருடமாக வேறு வேறு ஊர்ப் பெயரில் சுற்றிக்கொண்டிருந்தது என்று வெண்ணிலா பிறகு கண்டுபிடித்துச் சொன்னாள். குழுவில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது அவர்கள் விரலுக்குக் கிடைத்த வெற்றி.

அடுத்த கூட்டத்துக்கு ஆரோக்கியம் நெத்திலி வறுத்துக்கொண்டு போனாள். திரை விழுந்த வீடியோவைப் படம் பிடித்து, அச்செடுத்து, லேமினேஷன் போட்டாள். பாகூரில் அவளுக்குத் தெரிந்த லேமினேஷன் மெஷின் ஒன்றுதான். அதனால் பாக்யராஜ்தான் போட்டுக் கொடுத்தான்.

"இன்னிக்கு பொய்ய நிறுத்தறேன்னு ஆரம்பிக்கிறான்க்கா. நாளைக்கு அவனுக்குப் புடிக்காததெல்லாம் பொய்யாயிடும். உண்மையச் சொன்னாலும் வாய மூடிடுவான், பாத்துக்கினே இரு."

"உன் வாயத்தான மூடுனான்? மூடட்டும். நாலு ஓரமும் நல்லா ஒட்டுதான்னு பாரு தம்பி, தண்ணி பூந்துடப் போவுது."

வியாபாரம் திரும்பிவிட்டது. ராமாயியே மூன்று நாள் தொடர்ந்து வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். "மீன்ல விஷம்னு சொல்றது பொய்யின்னு கம்பெனியே எழுதிக் குடுத்துருக்கான் அத்த" என்றாள் ஆரோக்கியம். கம்பெனியே என்ற சொல்லில் கொஞ்சம் அழுத்தம் விழுந்தது.

ஒரு தடவை வேலை செய்த விரல் சும்மா இருக்குமா? குழுவின் வாட்ஸாப்பில் வாரத்துக்கு இரண்டு, மூன்று என லிங்க் வர ஆரம்பித்தது. 'தோழிகளே, இன்றைய லிங்க்' என்று வெண்ணிலா போடுவாள்; வருகைப் பதிவேட்டு வரிசையில் 'ஆச்சு', 'ஆச்சு' என்று பதில் விழும். குழுச் செயலாளரின் தம்பி வைத்திருக்கும் பிரியாணிக் கடையில் கரப்பான் பூச்சி கிடந்ததாகப் பாக்யராஜ் போட்ட பதிவு, போயிற்று. யாரோ ஒருத்தி பழைய கல்யாணப் படத்தைப் போட்டு ஏதோ எழுதியிருந்தாள், அதுவும் போயிற்று. என்ன எழுதியிருந்தாள் என்று நிதானமாகப் படிப்பதற்குள் காணாமல் போனதில் பலருக்கு வருத்தம்.

பிறகு தண்ணீர்த் தொட்டி விவகாரம். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி ஆறு மாதமாகிறது, உள்ளே பாசி என்று பாக்யராஜ் படத்தோடு போட்டான். தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் வெண்ணிலாவின் பெரியப்பா மகன். லிங்க் வந்தது. ஆரோக்கியம் அந்தத் தண்ணீரில்தான் மீன் பெட்டியைக் கழுவுகிறாள். குழாயைத் திறந்தால் பச்சைப் பச்சையாக வருவதைத் தினமும் பார்க்கிறாள்.  தனக்கு அழுத்தியவர்களுக்குத் தான் அழுத்தாமல் இருந்தால் நன்றி கெட்டவள் என்று பெயர் வரும். கட்டைவிரலில் ஒட்டியிருந்த செதிளைப் பாவாடையில் துடைத்துவிட்டு அழுத்தினாள். 'ஆச்சு' என்று போட்டாள். அந்தப் பதிவும் போயிற்று. தொட்டியில் பாசி அப்படியேதான் இருந்தது.

சித்திரை பிறந்தது. கடலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, பெரிய படகெல்லாம் கரை ஏறிவிட்டது. கட்டுமரமும் சின்னப் படகும் கரையோரமாக வீசிக் கொண்டுவரும் மத்தியும் காரப்பொடி என்ற பொடிமீனும்தான் ஆரோக்கியத்துக்கு. இந்த இரண்டு மாதம் குளத்து மீனுக்கு ராஜயோகம். ராமாயியின் மருமகள் தேவிக்கு ஏழு மாதம். காரப்பொடியைப் பார்த்தாலே அவளுக்கு முகம் சுளிக்கும்.

"கொளத்துக் கெண்ட கெடைக்காதாக்கா? ரெண்டு நாளா அதே நெனப்பாவே இருக்குது" என்று வெள்ளிக்கிழமை கேட்டாள்.

"கெடைச்சா மொதல்ல உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள் ஆரோக்கியம்.

அன்று சாயங்காலம் கோடைமழை ஒன்று அடித்து ஓய்ந்தது. சனிக்கிழமை காலையில் நல்லவாட்டிலிருந்து திரும்பும்போது கீழண்டைக் குளத்தின் மேல் வெள்ளையாக ஏதோ விரித்துக் கிடப்பதுபோல் தெரிந்தது. கிட்டே போனால் மீன் வயிறு. கெண்டை, ஜிலேபி, கட்லா எல்லாம் மல்லாந்து மிதந்தன. மூன்று பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அள்ளிக்கொண்டிருந்தார்கள். கரையில் ஐஸ் பெட்டிகள் வரிசையாக. சிங்காரவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னாங்க இது, இப்டி மெதக்குது?"

"நேத்து மழ பேஞ்சிது பாரு. தண்ணி சூடு கெளம்பி, மூச்சு முட்டுது. வேற ஒண்ணுமில்ல. நீ போ."

"நண்டும் செத்துக் கெடக்குதுங்களே."

"நண்டுக்கு மட்டும் மூச்சு இல்லியா?"

நண்டுக்கு மூச்சு உண்டு. ஆனால் தண்ணீரில் மூச்சு முட்டினால் நண்டு கரையேறி நின்றுகொள்ளும் என்பது மீன் தொடும் எல்லாருக்கும் தெரியும். இவை கரையேறி, கரையிலேயே மல்லாந்து கிடந்தன. ஆரோக்கியம் குனிந்து ஒரு கெண்டையின் செவுளைத் தூக்கினாள். துரு நிறம். மருந்து டப்பாவைத் திறந்தால் குப்பென்று வருமே, அந்த வாடை. குளத்து மேட்டில் இருந்த சிங்காரவேலுவின் கரும்புக்கு இரண்டு நாள் முன்னால் மருந்து அடித்தார்கள். மழை அதைக் கழுவிக் குளத்தில் இறக்கியிருக்கலாம். இறக்காமலும் இருக்கலாம். ஆரோக்கியத்தின் மூக்கு ஆய்வுக்கூடம் அல்ல. ஆனால் இருபது வருடமாக அது தப்பாகச் சொன்னதில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஆறு மணிக்கே வண்டி கெளம்பிடணும். மொதல்ல நம்ப ஊரு, அப்பறம் மத்த ஊரு" என்று சிங்காரவேலு தண்ணீரில் நின்றவர்களிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. தேவியின் முகம் ஞாபகம் வந்தது. வண்டியைத் தள்ளி நிறுத்தி, கரும்பு மறைவில் நின்று ஒரு வீடியோ எடுத்தாள்.

முதலில் பாக்யராஜுக்குப் போன் போட்டாள்.

"நான் போட்டா பக்கமே போயிடும்க்கா. மூணு எச்சரிக்க வாங்கிக் குடுத்துருக்கீங்க. ஒண்ணு உன் மீனு, ஒண்ணு பிரியாணி, ஒண்ணு தண்ணித் தொட்டி. இன்னும் ஒண்ணு வந்தா பதினோராயிரம் பேரும் காலி."

"இது நெசம் தம்பி. கண்ணால பாத்தேன்."

"தண்ணித் தொட்டியும் நெசம்தான்க்கா."

"தெரியும்."

"தெரிஞ்சா அழுத்துன?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி ஆரோக்கியம் வைத்துவிட்டாள். சிக்னல் நான்கு கட்டையும் இருந்தது.

பிறகு தன் பெயரில் தானே போட்டாள். பதிவு எழுதிப் பழக்கமில்லை. இந்த மாதிரி விஷயத்தை எப்படி எழுதுவது என்பதற்கு அவளுக்குத் தெரிந்த மாதிரி ஒன்றே ஒன்றுதான். 'கீழண்டைக் குளத்து மீனில் விஷம். நாளை வண்டியில் வரும், வாங்காதீர்கள். எல்லாருக்கும் பகிருங்கள்!' பாக்யராஜின் கேள்விக்குறியை மட்டும் விட்டுவிட்டாள். சந்தேகம் இல்லாதபோது கேள்விக்குறி எதற்கு?

அரைமணி நேரம் கழித்து குழுவின் வாட்ஸாப்பில் சத்தம் வந்தது. 'தோழிகளே, இன்றைய லிங்க்.' பழக்கத்தில் தொட்டாள். அவளுடைய வீடியோவே திறந்தது. மறைவுக்கு நின்ற கரும்புத் தோகை, அவளுடைய மூச்சு, மல்லாந்த நண்டு. கீழே வருகைப் பதிவேட்டு வரிசையில் பதில்கள் விழ ஆரம்பித்தன. ஆச்சு. ஆச்சு. ஆச்சு. ஏழாவது பெயர் ஆரோக்கியசெல்வி. ஆறாவதோடு வரிசை நின்றது. எல்லாரும் அவளுக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது. ஒரு நிமிடம் கழித்து எட்டாவது ஆள் 'ஆச்சு' என்றாள். வரிசை அவளைத் தாண்டிப் போயிற்று. பதினான்காவதாக ராமாயியின் போனிலிருந்தும் 'ஆச்சு'.

பதினொரு மணிக்குக் கம்பெனியிடமிருந்து செய்தி வந்தது. 'உங்கள் பதிவு, ஏற்கெனவே பொய் எனக் கண்டறியப்பட்ட தகவலுடன் ஒத்துள்ளது. ஆகவே அகற்றப்பட்டது.' அடியில் 'முறையிடு' என்று ஒரு பொத்தான். அழுத்தினாள். நன்றி சொன்னார்கள். அதிக முறையீடுகள் வருவதால் எல்லாவற்றையும் பார்க்க இயலாமல் போகலாம் என்றும் சொன்னார்கள். குறை சொல்ல முடியாத மரியாதை.

வண்டியை எடுத்துக்கொண்டு வெண்ணிலா வீட்டு கேட்டுக்குப் போனாள். வெண்ணிலா உள்ளே வரச் சொல்லவில்லை. தானே கேட் வரைக்கும் வந்தாள்.

"என் வீடியோவுக்கே என்னையே அழுத்தச் சொல்றீங்களே தலைவி?"

"குரூப்புக்குப் போட்டா எல்லாருக்கும்தான் போவும் ஆரோக்கியம். உன்ன மட்டும் எடுத்துட்டா போட முடியும்?"

"அது பொய்யா? சொல்லுங்க. உங்க மாமா கொளத்துல மீனு சாவலியா?"

"செத்துது. எதால செத்துதுன்னு உனக்குத் தெரியுமா? டெஸ்ட் பண்ணியா? மூச்சு முட்டிச் செத்துது. நீ விஷம்ங்கற."

"வாட வருதுங்க."

"வாடய வச்சி நம்பறதா? அன்னிக்கு அந்த வீடியோ போட்டவன் தாரு வருதுன்னான். நீ பொய்யின்ன, நாங்களும் அழுத்துனோம். இன்னிக்கு நீயும் அதே வார்த்ததான் எழுதியிருக்க. மீன்ல விஷம். அது பொய்யின்னு கம்பெனிக்காரன் சொன்னத நீதான பொட்டில மாட்டிக்கினு சுத்துற?"

"அது கடல் மீனு. இது கொளத்து மீனு."

"கடலு எது கொளம் எதுன்னு கம்பெனிக்காரனுக்கு இன்னா தெரியும்?"

இதில் வெண்ணிலா சொன்னது சரி. அவளுக்கும் அது தெரிந்தது; அதனால்தான் சொன்னாள்.

ஆரோக்கியம் சாயங்காலம் ராமாயி வீட்டுக்குப் போனாள். வாசலில் தேவி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு வண்டில வர்ற கொளத்து மீன வாங்காத அத்த. விஷம்."

ராமாயி சிரித்தே விட்டாள். "அன்னிக்கு மீன்ல விஷம்னு சொல்றது பொய்யின்னு படிச்சிக் காட்டுன. இன்னிக்கு வெசம்ங்கற. எதுடி நெசம்? தடைக்காலம், உன்னாண்ட சரக்கு இல்ல. அவுரு வண்டி நெறைய கொண்டாராரு. வயித்தெரிச்சல்னு சொல்லிட்டுப் போயேன், நான் இன்னா கோச்சிக்கவா போறேன்?"

"எனக்கு இன்னா வயித்தெரிச்சல்? தேவிக்காகச் சொல்றேன்."

"தேவிக்காகத்தான் நானும் வாங்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரோக்கியத்தின் பெட்டியில் அரைப் பெட்டி மத்தி. வாய்க்கால் மதகைத் தாண்டும்போது ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்து நின்றது. வெண்ணிலா. முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தாள். வெயில் இன்னும் வரவில்லை.

"மத்தி எவ்ளோ இருக்குது?"

"இருக்குதுங்க. உங்களுக்கு எதுக்கு? உங்க வூட்டு வண்டி நெறைய மீனு போவுது."

"மாமாவுக்குக் கொளத்து மீனு ஒத்துக்காது."

"எப்பலேர்ந்துங்க?"

 வெண்ணிலா ஒரு கறுப்புப் பையை நீட்டினாள். "இருக்கறதெல்லாம் போடு. சீக்கிரம்."

ஆரோக்கியம் போட்டாள். தராசு முள் நிற்கும்வரைகூட வெண்ணிலா காத்திருக்கவில்லை.

தெருமுனையில் ராமாயி எவர்சில்வர் குண்டானோடு வண்டிக்குக் காத்திருந்தாள். பின்னால் இன்னும் நான்கைந்து பேர். ஆரோக்கியம் விஷம் என்ற சொல்லை எடுக்கவே இல்லை. நேற்று எடுத்துப் பார்த்தாகிவிட்டது. காலிப் பெட்டியைச் சாய்த்துக் காட்டினாள்.

"இன்னாடி, அதுக்குள்ள வித்துட்ட?"

"தலைவி வாங்கிக்கினாங்க அத்த. மொத்தத்தையும். மதகாண்ட வந்து, கறுப்புப் பையில. அவுங்க வூட்ல இன்னிக்கு மத்திக் கொழம்பு."

ராமாயி கையிலிருந்த குண்டானைப் பார்த்தாள். "கொளத்துக்காரன் வூட்லயா?"

"கொளத்துக்காரன் வூட்லதான்."

அவ்வளவுதான். ராமாயி குண்டானைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர் இரண்டு பக்கம் போனார்கள். சிங்காரவேலுவின் வண்டி தெருவுக்குள் நுழையும்போது கதவுகள் சாத்திக்கொண்டன. ஸ்பீக்கர் மட்டும் "உயிர் மீன், உயிர் மீன்" என்று தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்து ஊருக்குச் சேதி வண்டிக்கு முன்னாலேயே போய்விட்டது. ராமாயி வீட்டில் அன்று கத்திரிக்காய் சாம்பார். தேவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

சேதி அதோடு நின்றிருந்தால் ஆரோக்கியத்துக்கு நல்லதாக இருந்திருக்கும். சாயங்காலத்துக்குள் ஊர் வாயில் சிங்காரவேலு வீட்டில் நான்கு பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். நான்கு பேரும் அப்போது வாசலில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. திங்கட்கிழமை குளத்தில் ஒரு மலைப்பாம்பு செத்து மிதந்தது. செவ்வாய்க்கிழமை குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கடலுக்கே போய்விட்டது. புதன்கிழமை ஆரோக்கியத்திடமிருந்து யாரும் மத்தி வாங்கவில்லை.

"கடலும் தண்ணி, கொளமும் தண்ணி. எங்க போயி எது கலக்குதுன்னு யாரு கண்டா?" என்றாள் ராமாயி வீட்டுக்கு இரண்டாம் வீட்டுக்காரி. மறுபடியும் மாடியில் கருவாடு காய்ந்தது.

பாக்யராஜுக்குக் கை அரித்தது. பதினோராயிரம் பேர் காத்திருக்கும்போது எவ்வளவு நாள்தான் பொறுப்பது? 'செலியமேட்டில் நடப்பது என்ன???' என்று மூன்று கேள்விக்குறியோடு போட்டான். குளத்தில் மீன் செத்தது என்று எழுதியிருந்தான், அது நடந்தது. நான்கு பேர் ஆஸ்பத்திரியில் என்று எழுதியிருந்தான், அது நடக்கவில்லை. கடல் மீனுக்கும் பரவியதா என்று கேட்டிருந்தான். படத்துக்கு எங்கிருந்தோ ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலை எடுத்து ஒட்டியிருந்தான்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் வெண்ணிலா எழுந்தாள்.

"தோழிகளே, இந்தப் பதிவால நம்ப ஆரோக்கியத்தோட வியாபாரம் படுத்துப் போச்சி. அவுங்களுக்காக எல்லாரும் போன எடுங்க."

தன் மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஆரோக்கியத்தை அவள் 'அவுங்க' என்று சொன்னதை நான்கு பேர் கவனித்துக் கண்ணால் பேசிக்கொண்டார்கள்.

பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆரோக்கியம் பதிவைத் திறந்தாள். மூன்று புள்ளி. புகார் அளி. பொய்யான தகவல். அழுத்தினால் ஆஸ்பத்திரிப் பொய் போகும், கூடவே செத்த மீனும் போகும். அழுத்தாவிட்டால் செத்த மீன் நிற்கும், தன் மத்தியும் விற்காமல் நிற்கும். பாதி பொய், பாதி நிஜம் என்று சொல்ல ஒரு பொத்தான் இருக்கிறதா என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். இல்லை.

"ஆரோக்கியசெல்வி."

விரல் கண்ணாடிக்கு மேலே ஓர் அங்குலத்தில் நின்றது. எல்லாரும் பார்த்தார்கள்.

"ஆச்சு" என்றாள், அழுத்தாமல்.

கூட்டம் முடிந்து திரும்பும்போது ராமாயி பக்கத்தில் நடந்து வந்தாள்.

"நீ அழுத்தலதான?"

"அழுத்துனேன் அத்த."

"யாராண்ட கத உடற? விரலு மேலயே சுத்திக்கினு இருந்திச்சி, நான் பாத்தேன்."

"நீ அழுத்துனியா?"

"நான் என்னிக்குடி அழுத்துனேன்? அது எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. பேரக் கூப்டா ஆச்சும்பேன். போன்ல வந்தா தேவியாண்ட குடுத்து ஆச்சுன்னு போடுடின்னுவேன்."

"மொத வீடியோவுக்கு?"

"அதுக்கும்தான்."

"என் வீடியோவுக்கு?"

"அதுக்கும்தான்."

ஆரோக்கியம் நடந்துகொண்டே மனதுக்குள் நாற்பத்தொரு போனையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். குழுவில் செல்வகுமாரிக்குக் கண் தெரியாது. லில்லியின் போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது. புருஷன்மாரில் சாமிக்கண்ணுவோ, பெண்டாட்டி கேட்டாள் என்பதற்காகப் போனைக் கொடுக்கும் ஆள் இல்லை. எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமில்லை, நிறுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் 'பாகூர் பரபரப்பு' என்ற பக்கமே இல்லை. யார் அழுத்தினார்கள், யார் அழுத்தவில்லை என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. பாக்யராஜ் ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நல்லவாட்டில் அன்று மத்திக்கு நடுவே நான்கு சங்கரா கிடைத்தது. கிளம்புவதற்கு முன் ஆரோக்கியம் பெட்டியில் தொங்கிய தாளை அவிழ்த்து, ஐஸ் மேல் விரித்து மூடினாள். அளவாகப் பொருந்தியது. நாலு ஓரத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் புகவில்லை. பாக்யராஜ் கவனமாகத்தான் ஒட்டியிருந்தான்.

ராமாயி வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினாள். குரல் கொடுக்கவில்லை.

ராமாயி வெளியே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், தாள் தொங்கிய இடத்தைப் பார்த்தாள். உள்ளே போய் அருவாமனையை எடுத்து வந்து, தெருவிலேயே போட்டுக் குந்தினாள்.

"குடு ஒண்ண."

"தாரு வந்தா?"

"என் அருவாமனதான? கழுவிக்கறேன்."

சங்கராவின் வயிறு பிளந்தது. எதிர்வீட்டுக்காரி கோலப்பொடிக் கையோடு வந்து குனிந்தாள். இரண்டாம் வீட்டுக்காரியும் வந்தாள். தேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, எல்லாரையும்விடக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். 

"இன்னொண்ணு அறுங்க அத்த" என்றாள்.